கிபிர் தெரிந்த நமக்கு யூதர்களின் பண்டிகை தெரியுமா?

வன்னியில் வாழ்ந்த எவருக்கும் ‘கிபிர்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். ஆனாலும் வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. 1990களில் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடமிருந்து வாங்கிய போர் விமானத்தின் பெயர் அது. அது ஓர் எபிரேயச் சொல். இளஞ்சிங்கம் என்று பொருள்.

கிறிஸ்தவர்களுக்கு வேறு சில எபிரேயச் சொற்களும் தெரியும்: ஆமென், அல்லேலூயா, ஓசன்னா. ஞாயிறு தோறும் வாய் நிறையச் சொல்கிறோம். ஆனால் அந்த மொழியில் இன்றும் மன்றாடும் மக்கள் எந்த நாளை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டால், நம் ஊர்களில் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் காட்சியில் கூச்சலிடும் கூட்டம் ஒருபுறம். தொலைக்காட்சியில் காஸாவைத் தரைமட்டமாக்கும் இராணுவம் மறுபுறம். நமக்குத் தெரிந்த யூதர் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறார்.

என் ஊர் மாத்தளை மாவட்டத்திலுள்ள யட்டவத்த. றப்பரும் கொக்கோவும் மிளகும் விளையும் மலைச்சரிவில், சிங்களக் கிராமங்களுக்கும் தோட்ட லயன்களுக்கும் நடுவே வாழும் சிறிய கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. 1977 வன்செயலுக்குப் பிறகு பெரியப்பாவின் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. அங்கிருந்து கிளிநொச்சி. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தது. அதனால் மலையகத்தின் கதையும் வன்னியின் கதையும் எங்கள் வீட்டில் வெவ்வேறு கதைகள் அல்ல.

சிறுபான்மைச் சமூகங்கள் பற்றிய ஒரு கற்கைப் பயணத்தில் கேரளா சென்றபோது, கொச்சியில் மட்டாஞ்சேரி யூதர் தெருவில் சில நாட்களைச் செலவிட்டேன். யூதர்களின் பண்டிகைகள் பற்றி அங்கே கேட்டும் பார்த்தும், பின்னர் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். அழிவைச் சந்தித்த ஒரு மக்கள் அதன் நினைவை எப்படிப் பாதுகாத்தார்கள், அந்த நினைவு அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது நமக்கும் உரிய கேள்வி.

கொச்சிக்கு வந்த யூதர்கள்

கேரளக் கரைக்கும் யூதர்களுக்குமான உறவு மிகப் பழையது. சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறைமுகம் இருந்த கொடுங்கல்லூர்ப் பகுதிதான் தங்கள் முதற் குடியிருப்பு என்பது அவர்களுடைய மரபு. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடக்கும்போது விரிக்கும் பாவாடை, வரிவிலக்கு என்று அந்த மரியாதைகள் நீள்கின்றன. எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். எபிரேய வேதாகமத்தில் சாலொமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்ற சொல், நமது ‘தோகை’யிலிருந்து போனது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். தமிழுக்கும் அவர்களுக்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. ‘பரதேசி’ என்றால் வெளியூரார். ஸ்பெயின் முதலான நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கட்டியது. கேரளத்தவர் இதையும் ‘பள்ளி’ என்றே அழைக்கிறார்கள். கிறிஸ்தவரின் தேவாலயத்துக்கும் முஸ்லிம்களின் மசூதிக்கும் அங்கே அதே சொல்தான். கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலுக்கு அருகிலேயே இது நிற்கிறது. 1662இல் போர்த்துக்கேயர் இதைச் சேதப்படுத்தினர். அடுத்த ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் மீண்டும் எழுந்தது. உள்ளே போகுமுன் பாதணிகளைக் கழற்ற வேண்டும். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள், நடுவில் வேதம் வாசிக்கும் பித்தளை மேடை.

வாசிப்பதற்குத்தான் ஆள் இல்லை. இந்தியா சுதந்திரமடைந்த காலத்தில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் வாழ்ந்தார்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அயலவர் அடித்துத் துரத்தியதால் போனவர்கள் அல்லர். புதிய நாடு என்ற நம்பிக்கையும், வறுமையும், உறவினர் போகும்போது தாமும் போகும் இயல்பும் அவர்களைக் கொண்டுபோயின. இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியிருப்போரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். யூத மரபுப்படி பொது வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் சேராவிட்டால் வேதச் சுருளை எடுத்து வாசிக்க முடியாது.

வழிபாட்டுக்குப் பத்துப் பேர் தேவை. பண்டிகைக்கோ ஒரு வீடு போதும். யூதப் பண்டிகைகளின் பலம் அங்கேதான் இருக்கிறது.

பறுவத்தில் ஒரு பாஸ்கா

யூதர்களின் மாதம் அமாவாசைக்குப் பின் தெரியும் பிறையோடு தொடங்குகிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் வரை குறைவு என்பதால், 19 ஆண்டுகளில் 7 தடவை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்கிறார்கள். நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. வெள்ளி மாலை விளக்கேற்றினால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலை இல்லை.

பெசாக் எனப்படும் பாஸ்காவும், சுக்கோத் எனப்படும் கூடாரப் பண்டிகையும் பறுவத்தில் தொடங்குகின்றன. நமது பௌர்ணமிக் கணக்கோடு பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் திகதி மாறுவதற்கும் இதுவே காரணம். இயேசு பாடுபட்டது பாஸ்கா காலத்தில். ஆகவே உயிர்ப்புப் பெருவிழாவும் வசந்தகாலப் பறுவத்தைத் தொடர்ந்து வரும் ஞாயிறாகக் கணிக்கப்பட்டது. பெந்தெகொஸ்தே என்று நாம் கொண்டாடுவதும் பாஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாளில் வரும் ஷவுவோத் என்ற யூத அறுவடை விழாவின் நாளே.

வேர் ஒன்றாக இருந்தும் உறவு நல்லதாக இருக்கவில்லை. இயேசுவின் மரணத்துக்கு யூத இனம் முழுவதும் பொறுப்பு என்ற போதனை ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இரத்தம் சிந்த வைத்தது. உயிர்ப்புக் காலம் வந்தாலே யூதக் குடியிருப்புகள் அஞ்சி நடுங்கிய காலமும் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குற்றச்சாட்டை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான்.

கேள்வி கேட்கும் பிள்ளை

பாஸ்கா எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதன் நினைவு. அதற்கு முன் வீட்டிலிருந்து புளித்த மாவு ஒரு துகள்கூட இல்லாமல் அகற்ற வேண்டும். கொச்சி யூதர்கள் இந்தத் துப்புரவில் மிகக் கண்டிப்பானவர்கள். பாஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரங்கள் வைத்து, வாரக்கணக்கில் வீட்டைக் கழுவித் துடைத்து ஆயத்தம் செய்தவர்கள்.

பண்டிகை இரவில் குடும்பம் மேசையைச் சுற்றி உட்காரும். அந்த மேசையில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு செய்தி. புளிக்காத அப்பம், மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் ஓடியதைச் சொல்கிறது. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. உப்புத் தண்ணீர் கண்ணீர். பழமும் கொட்டைகளும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு, அடிமைகள் குழைத்த களிமண். கொச்சியில் அதற்குப் பேரீச்சம்பழப் பாகைப் பயன்படுத்தினார்கள்.

சாப்பிடுமுன் வீட்டின் கடைசிப் பிள்ளை எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இன்றிரவு மட்டும் ஏன் எல்லாம் வேறுமாதிரி இருக்கிறது என்பதே அவற்றின் சாரம். பிள்ளை கேட்டபின்தான் பெரியவர்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். முன்னோரின் கதையாக அல்ல, தாமே எகிப்திலிருந்து வெளியேறியவர்கள் போல நினைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

அந்த இரவுக்குரிய நூல் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. அறிவுள்ள பிள்ளை விபரம் கேட்பான். அடங்காத பிள்ளை, இதெல்லாம் உங்களுக்குத்தானே, எனக்கென்ன என்பான். எளிய பிள்ளை, இது என்ன என்று மட்டும் கேட்பான். நான்காவது பிள்ளைக்குக் கேட்கவே தெரியாது. அவனுக்குத் தாய் தகப்பன் தாங்களாகவே தொடங்கிச் சொல்ல வேண்டும். கொச்சியில் இதைக் கேட்டபோது, 2009க்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் அந்த நான்காவது பிள்ளைகள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எகிப்தியர் மீது வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு துளி திராட்சை இரசத்தைத் தங்கள் கிண்ணத்திலிருந்து எடுத்து வெளியே விடுகிறார்கள். நம் விடுதலைக்காக மற்றவர்களும் துன்பப்பட்டார்கள், ஆகவே நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எகிப்தியர் கடலில் மூழ்கியபோது பாட வந்த வானதூதர்களைக் கடவுள் கண்டித்தார் என்று ஒரு பழைய யூதக் கதையும் இருக்கிறது. மூழ்கியவர்களும் அவருடைய படைப்புத்தானே.

கிடுகுக் கூரையின் கீழ் ஏழு நாள்

செப்டெம்பர், ஒக்டோபரில் வரும் சுக்கோத், வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் கூடாரங்களில் அலைந்ததன் நினைவு. முற்றத்தில் ஒரு குடில் அமைத்து ஏழு நாள் அதில் உண்கிறார்கள். முடிந்தவர்கள் உறங்குகிறார்கள். கூரை மரத்திலிருந்தோ செடியிலிருந்தோ வெட்டியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் அது தென்னோலை. நிழல் தர வேண்டும், ஆனால் இடைவெளியில் வானம் தெரிய வேண்டும். நிரந்தரக் கட்டடமாக இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய மாடிவீடு கட்டியவரும் அந்த ஏழு நாளும் ஓலைக்குடிலுக்கு இறங்கி வர வேண்டும்.

2009இல் மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை அடைத்து வைத்திருந்த கூடாரங்களை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் பொருள் எளிதில் விளங்கும். வீடு கட்டிக் குடியேறியபின் அந்தக் கூடாரத்தை மறந்துவிட வேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது. சுக்கோத் ஆண்டுக்கொருமுறை அந்த மறதிக்குத் தடை போடுகிறது. குடிலுக்கு விருந்தாளியை அழைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தப் பண்டிகையின் முடிவில் சிம்ஹத் தோரா வருகிறது. வேத வாசிப்பின் ஆண்டுச் சுற்றை முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் மகிழ்ச்சி நாள். உலகெங்கும் யூதர்கள் வேதச் சுருள்களை ஏந்தி ஜெபாலயத்தின் உள்ளே சுற்றி வருவார்கள். கொச்சியில் பிற்பகலில் வெளியேயும் சுற்றி வந்தார்கள். பட்டும் பூவும் எண்ணெய் விளக்குமாக நடந்த அந்த ஊர்வலத்தில், பக்கத்துக் கோயிலின் சுவாமி வெளிவீதி வரும் வழக்கத்தின் சாயலை ஆய்வாளர்கள் காண்கிறார்கள். அயலவரிடமிருந்து எடுத்துக்கொள்வது தன் அடையாளத்தை இழப்பது ஆகாது என்பதற்கு நல்ல உதாரணம் அது.

பெண்களின் பங்கும் பெரியது. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடிய பாடல்களைக் கொப்பிகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தார்கள். ஊரே கப்பலேறியபோது அந்தக் கொப்பிகளும் கப்பலேறின. அவற்றைத் தேடிப் பதிப்பித்தவர்களில் ஒருவர் கேரளக் கிறிஸ்தவரான பேராசிரியர் ஸ்கறியா சக்கறியா. யூத ஆய்வாளர் ஒஃபிரா கம்லியேலுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த தொகுப்பு, மலையாளமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக 2005இல் வெளிவந்தது. அயலவரின் நினைவை அயலவர் ஒருவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மன்னிப்பை யாரிடம் கேட்பது?

சுக்கோத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன் வருவது யோம் கிப்பூர், பாவப் பரிகார நாள். ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதித் தொடங்கும் பத்து நாள் மனமாற்றக் காலம் இதில் முடிகிறது. ஏறத்தாழ 25 மணித்தியாலம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இந்த நாளைப் பற்றிய பழைய சட்டம் ஒன்றை ஒவ்வொரு ஆணைக்குழுவின் வாசலிலும் எழுதி வைக்கலாம். கடவுளுக்கு எதிராகச் செய்த தவறுக்கு இந்த நாளின் உபவாசம் மன்னிப்பைப் பெற்றுத் தரும். மனிதருக்கு எதிராகச் செய்த தவறுக்குத் தராது. பாதிக்கப்பட்டவரிடம் போய், இழப்பை ஈடுசெய்து, அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்காக வேறு எவரும், கடவுளும்கூட, மன்னிக்க முடியாது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்பது பிள்ளை எங்கே என்ற உண்மையை. அவர்களுக்குச் சொல்லப்படுவதோ, மறந்துவிடுங்கள், நல்லிணக்கம் என்பது. மன்னிக்கும் உரிமை உள்ளவர்களைக் கேட்காமலே மன்னிப்பை அறிவித்துவிடும் வழக்கம் நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

தரையில் உட்காரும் நாள்

எல்லாப் பண்டிகையும் மகிழ்ச்சிக்கானவை அல்ல. ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள், திஷா பெ ஆவ், துக்க நாள். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் வரும். எருசலேமின் முதல் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும், இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் ரோமராலும் அழிக்கப்பட்டதை ஒன்றாக நினைவுகூர்கிறார்கள். அன்று உண்பதில்லை. ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதும் இல்லை. விளக்கைக் குறைத்து, தரையிலோ தாழ்ந்த ஆசனத்திலோ உட்கார்ந்து புலம்பல் ஆகமத்தை வாசிக்கிறார்கள்.

ஆலயம் போனபின் பலி இல்லை, குருமார் இல்லை, யாத்திரை இல்லை. அந்த இடத்தில் வீட்டு மேசையும் படிப்பும் வந்தன. வாய்மொழியாக இருந்த சட்டங்களைக் கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுத்து வைத்தார்கள். இதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. மாத்தளைக்கு அருகேயுள்ள அலுவிகாரையில்தான், பஞ்சமும் போரும் வந்து மனப்பாடமாகக் காத்து வந்த பிக்குகள் அழிந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், புத்தரின் போதனைகளைக் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதினார்கள் என்று மரபு சொல்கிறது. அழிவு நெருங்கும்போது எழுதி வைப்பது எந்த ஒரு இனத்துக்கும் மட்டுமான குணம் அல்ல.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இதுவரை எழுதியதை மட்டும் வாசித்தால், நினைவு மனிதரை நல்லவராக்கிவிடும் என்று தோன்றும். கொச்சியே அதை மறுக்கிறது.

மட்டாஞ்சேரியில் ‘வெள்ளை’ யூதர், ‘கறுப்பு’ யூதர் என்ற பிரிவு நூற்றாண்டுகளாக இருந்தது. அதற்கும் கீழே ஒரு படி வைத்திருந்தார்கள். யூத எசமானர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் சந்ததியினர் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். பரதேசி ஜெபாலயத்தின் உள்ளே அவர்களுக்கு இருக்கை இல்லை. முன்மண்டபத்தில் நிற்க வேண்டும். வேதம் வாசிக்கும் உரிமை இல்லை. நாங்கள் அடிமைகளாக இருந்து விடுதலையானோம் என்று ஆண்டுதோறும் பாஸ்கா மேசையில் சொன்னவர்கள், விடுதலையான அடிமைகளின் பேரப்பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சட்டத்தரணியான அவர் காந்திய வழியைப் பின்பற்றி, ஜெபாலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூதக் காந்தி’ என்று அழைக்கப்பட்டார். சிறிது சிறிதாகத் தடைகள் விழுந்தன. ஆனால் கதவு முழுதாகத் திறந்த காலத்தில் உள்ளே உட்காரவேண்டிய சமூகம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

இதை வாசித்து யூதர்களைக் குறைசொல்லிவிட்டுப் போக நமக்கு வசதி இல்லை. நம் தேவாலயங்களில் சாதி பார்த்துப் பிரித்த வாங்குகளும், பிரித்த சேமக்காலைகளும் எத்தனை? 1977க்கும் 1983க்கும் பின் வன்னிக்கு வந்த மலையகத் தமிழரை ‘தோட்டக்காட்டார்’ என்று அழைத்தவர்கள் சிங்களவர்களா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இடம்பெயர்வின் வலி தெரிந்த எத்தனை பேர் வாய் திறந்தோம்?

நினைவு இரண்டு வழியில் போகும்

வேதத்தில் பாஸ்காவோடு சேர்ந்து ஒரு கட்டளை திரும்பத் திரும்ப வருகிறது. எகிப்தில் அந்நியராக இருந்ததை மறவாமல், உங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதிருங்கள் என்பது அதன் பொருள். நினைவுகூர்வதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணம் அது.

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி, இஸ்ரேலில் சிம்ஹத் தோரா நாளில், ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஸாவில் இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் பெண்களும் குழந்தைகளும். பாதுகாப்பு வலயம் என்று சொல்லி அனுப்பிய இடத்தில் குண்டு விழுவதும், வைத்தியசாலை தாக்கப்படுவதும் நமக்கு விளக்கத் தேவையில்லாத காட்சிகள். எங்களுக்கு நடந்தது மீண்டும் நடக்கக் கூடாது என்ற நினைவை, எதையும் செய்ய உரிமை என்று ஓர் அரசு மாற்றிக்கொண்டால் இதுதான் விளைவு. அதே நினைவை வைத்துக்கொண்டு, அதே மாதத்தில் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிரப்பி யுத்தநிறுத்தம் கேட்டவர்களில் பெரும்பாலானோரும் யூதர்கள்தான். எங்கள் பெயரால் செய்யாதே என்றார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தார். ஆன் ரணசிங்க 1925இல் ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 நவம்பரில் அந்நகரின் ஜெபாலயம் எரிக்கப்பட்டதைக் கண்டவர். பதின்மூன்று வயதில் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். பெற்றோர் நாஸிகளால் கொல்லப்பட்டார்கள். இலங்கை வைத்தியர் ஒருவரை மணந்து கொழும்பில் வாழ்ந்து, 2016இல் மறைந்தார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, தான் சிறுமியாகப் பார்த்த நெருப்பையே மறுபடி கண்டார். அதை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். நமக்கு நடந்ததை என்னவென்று அடையாளம் காண அவருக்கு எவரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. தன் காயத்தை மறக்காதவர் மற்றவரின் காயத்தையும் கண்டுகொண்டார்.

நம் மேசையில் என்ன இருக்கிறது?

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாவீரர் துயிலும் இல்லங்கள் அதற்கு முன்பே புல்டோசருக்கு இரையாகின. கல்லில் வைத்த நினைவை இடிப்பது அரசுக்கு ஒரு இரவு வேலை. மேசையில் வைத்த நினைவை இடிக்க அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நான்கு பேர் கைதானார்கள். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு அரசு ஏன் அஞ்சுகிறது என்பதை யூதர்களின் பாஸ்கா தெளிவாக விளக்குகிறது. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே இருந்த நாட்களைச் சொல்ல அந்தக் கஞ்சிக்குப் பேச்சாளர் தேவையில்லை. குடிக்கும் பிள்ளை, இது ஏன் இப்படி ருசியில்லாமல் இருக்கிறது என்று கேட்டால் போதும்.

மலையகத்திலும் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் இலட்சக்கணக்கானோர் அதே மன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த வருகையின் 200ஆம் ஆண்டையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. புத்தகத்தில் படித்ததைக் கால்களால் நினைவுகூர்ந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஒவ்வொரு லயன் வீட்டிலும் அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழக்கம் உருவாகுமானால், அது தூபியைவிட நீண்டகாலம் நிற்கும்.

அந்தக் கதையோடு அயலவரின் கதைக்கும் இடம் வைக்க வேண்டும். மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 2012 நவம்பரில் ஒரு மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 150க்கும் அதிகமானோரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 1987–89 காலத்தில் காணாமற்போன தம் பிள்ளைகள் அங்கே கிடக்கலாம் என்று நம்பி வந்தவர்கள் சிங்களத் தாய்மார். கிளிநொச்சித் தாய்க்கும் அவர்களுக்கும் கேள்வி ஒன்றே. நம் கஞ்சிக் கோப்பையிலிருந்து அவர்களுக்காக ஒரு துளியை எடுத்து வைக்க முடிந்தால், நம் நினைவு நம்மையும் காக்கும், மற்றவரையும் காயப்படுத்தாது.

ஒரு சிறு சட்டம் மிச்சமிருக்கிறது. பாஸ்கா இரவில் கேள்வி கேட்கப் பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். அவரும் இல்லாமல் ஒருவர் தனியாக இருந்தால், அவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கொச்சியில் கடைசியாக எஞ்சியிருக்கும் முதியவர்களுக்கு எழுதியது போன்ற சட்டம். பிள்ளையின் படத்தோடு தனியே வாழும் நம் தாய்மாருக்கும் அது பொருந்தும். எங்களில் பலருக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்கத் தெரியாமல் இருக்கிறார்கள். நாங்கள்தான் தொடங்க வேண்டும்.